ரொறன்ரோவில் கூடை கவிழ்த்தது

ரொறன்ரோவில் வந்திறங்கிய முதல் மூன்று நாளும் என்னைக் கண்டவர்கள் எல்லாரும் இருங்கோ, இருங்கோ என்று உட்காரச் சொன்னார்கள். சமைக்கப் போனால் இருங்கோ. கோப்பை கழுவப் போனால் இருங்கோ. தம்பியின் வீட்டில் கீழ்த்தட்டில் மட்டும் பதினேழு கதிரைகள் இருந்தன. எந்தக் கதிரையில் இருந்தாலும் இன்னொன்றைக் காட்டி, அது இதைவிடச் சுகம் என்றார்கள். நான்காம் நாள்தான் இருக்கவே கூடாத இடமொன்றைக் கண்டேன். அதற்கும் சொந்தக்காரன் அதே தம்பிதான்.

தம்பி சேவியர் என்னைவிட ஏழு வயது இளையவன். கனடாவுக்கு வந்து முப்பது வருடமாகிறது. ஸ்காபரோவில் ரோல்ஸ், பற்றிஸ், வடை எல்லாம் செய்து, உறையவைத்துக் கடைகளுக்குக் கொடுக்கும் சிறு தொழிற்சாலை வைத்திருக்கிறான். வீடு ஸ்ரௌவ்வில்லில். அவனுடைய ஒரே மகள் ஷரனின் கலியாணத்துக்காகத்தான் நான் வந்தேன். நானோ வடக்குக் கரையில் அரசாங்க உப்பளமொன்றில் இருபத்தொன்பது வருடம் உப்பு வாரியவள். பென்சன் எடுத்து இரண்டு வருடமாகிறது. கொழும்புக்கு அப்பால் நான் போன முதல் இடம் இதுதான்.

வந்த மறுநாள் காலை ஷரன் என்னைக் காற்று வாங்கக் கூட்டிப்போனாள். மார்ச் மாதக் கடைசி. வழித்துக் குவித்த பனி தெருவோரமெல்லாம் அழுக்கேறிக் கிடந்தது. மனிதர் ஒருவரையும் காணோம். அந்தப் பக்கத்தில் ஒரு றாத்தல் பாண் வாங்குவதென்றாலும் கார் எடுக்கவேண்டும். நடைபாதையில் காலுக்குக் கீழே ஏதோ நறநறவென்றது. குனிந்து எடுத்துப் பார்த்தேன். உப்பு. பழக்கதோஷத்தில் நாக்கில் வைத்துவிட்டேன்.

"மாமி! ஓ மை கோட், துப்புங்கோ! அது ரோட்டுக்குப் போடுற சோல்ற்!"

"ரோட்டுக்கு ஏனடி பிள்ளை உப்பு?"

"ஐஸ் மெல்ற் ஆகத்தான். சிற்றி ட்ரக் வந்து கொட்டிக்கொண்டு போகும்."

நான் துப்பவில்லை. கடலுப்பு இல்லை அது, பூமிக்குள் வெட்டியெடுத்தது. நுனிநாக்கில் கொஞ்சம் கசந்தது. சிந்திய ஒரு கல்லைக்கூடப் பொறுக்கி அம்பாரத்தில் போட்டவள் நான். இங்கே அதன்மேல் கார் ஓட்டுகிறார்கள். கொஞ்சத்தை எடுத்துக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டேன். ஷரன் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

அன்று மாலை விருந்து. இடியப்பம், நண்டுக்கறி, கொத்துரொட்டி, நடுவிலே பிள்ளைகளுக்கென்று நாலு பெட்டி பீட்சா. மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். தம்பி என் தோளில் கைபோட்டு அறிமுகம் செய்துவைத்தான்.

"இவதான் எங்கட பெரியக்கா. இருபத்தொம்பது வருசம் கவண்மேந்தில நித்திரை கொண்டு, அதுக்குப் பென்சனும் எடுத்தவ!"

எல்லாரும் சிரித்தார்கள். பகிடிதான். ஆனால் நான் கையிலிருந்த நண்டுக்காலைத் திருப்பித் தட்டில் வைத்தேன்.

"நித்திரை கொள்ளேல்லையடா. உப்பு வாரினனாங்கள்."

"பத்து மணிக்கு வந்து பாத்தால் எல்லாரும் வரம்பில இருப்பியள். வெத்திலை போடுவியள். நான் கண்ணால கண்டனான், அக்கா. ஒரு அம்பாரம் உப்பு மழையில கரைஞ்சு ஓடேக்க அவ்வளவு பேரும் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

பத்து மணிக்கு ஏன் இருந்தோம் என்பதை அந்த மேசையில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன். உப்பு வாருவது விடியற்காலை வேலை. இருட்டோடு இறங்கி, வெயில் ஏறுமுன் வாரி, கூடையில் அள்ளித் தலையில் சுமந்து குவித்துவிடவேண்டும். வெயில் ஏறியபின் பாத்தியில் கால் வைத்தால் சேறு கலங்கும், உப்பு பழுப்பாகும். அப்போது வெயில்தான் வேலை செய்கிறது. நாங்கள் ஒதுங்கி இருக்கவேண்டும். இருப்பதும் அந்த வேலையில் ஒரு பகுதி. ஐந்து மணித்தியாலம் முதுகு ஒடிய நின்றவர்களைப் பத்து மணிக்கு வந்து பார்த்தவர்கள் சோம்பேறிகள் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

ஆனால் அந்த அம்பாரம் கரைந்தது உண்மை. மறைக்கமாட்டேன். அதை மூடுவதற்குத் தென்னோலைக் கிடுகு இருந்தது. மூடச்சொல்லி ஓடர் வரவில்லை. லொறி வந்து ஏற்றும் என்று சொல்லியிருந்தார்கள், லொறிக்குக் கொழும்பில் கையெழுத்தாகவில்லை. மேகம் கறுத்தபோது நாற்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எங்களுக்கென்ன, அரசாங்கத்தின் உப்புத்தானே என்று நின்றோம். நானும் நின்றேன். வராதவளுக்கு வரவுப் புத்தகத்தில் கையெழுத்தும் வைத்திருக்கிறேன். மந்திரி அனுப்பிய ஆட்கள் குடை பிடித்துக்கொண்டு மேற்பார்வை பார்த்ததையும், சப்பாத்துக் கேட்ட பெண்களுக்கு மூன்று வருடம் கழித்து பத்தாம் நம்பர் ஆண் சப்பாத்து மட்டும் ஒரு லொறி நிறைய வந்ததையும் கண்டிருக்கிறேன். அதெல்லாம் எங்கள் வெட்கம். அந்த வெட்கத்தை வைத்து எங்கள் முதுகையும் சேர்த்துச் சிரிப்பதற்கு இவனுக்கு யார் உரிமை கொடுத்தது?

நான்காம் நாள், திங்கட்கிழமை, தொழிற்சாலையைக் காட்டக் கூட்டிப்போனான். போகும்போதே, "அங்கை உங்கட ஆள் ஒராள் நிக்கிறா. கண்டுபிடியுங்கோ பாப்பம்" என்றான்.

உள்ளே போனதும் வெங்காயமும் சூடான எண்ணெயும் மணத்தன. நீளமான இரும்பு மேசையின் இரு பக்கத்திலும் பன்னிரண்டு பெண்கள், தலையில் வலைத்தொப்பி, கையில் உறை, ரோல்ஸ் சுற்றிக்கொண்டு நின்றார்கள். சுவரில் சிவப்பு எழுத்தில் ஓடும் மணிக்கூடு. கண்ணாடிக்குப் பின்னால் தம்பியின் அறை, அதில் உருளும் கதிரை ஒன்று. அந்தக் கட்டடம் முழுவதிலும் அந்த ஒரு கதிரைதான். மூலையில் நீலநிறப் பிளாஸ்ரிக் கூடைகள் கூரைவரை அடுக்கியிருந்தன.

மேசையின் அந்தலையில், கடைசி ஆளாக, ஒருத்தி வலக்காலை ஊன்றுவதும் இடக்காலுக்கு மாறுவதுமாக நின்றாள். முகத்தைப் பார்க்குமுன்பே கையைப் பார்த்துவிட்டேன். எட்டு விரலால் மாவை இழுத்து, இரண்டு பெருவிரலால் ஒரே அமுக்கு. உப்பளத்தில் வாருபலகை பிடித்த கை அது.

"எடி பிலோ!"

"மலரக்கா!"

பிலோமினா என்னைவிட நாலு வயது இளையவள். இருபத்தொரு வருடத்துக்கு முன் உப்பளத்தை விட்டுப் புருஷனோடு கனடா வந்தவள். புருஷன் இப்போது இல்லை. கட்டிப்பிடித்தபோது அவளுடைய பாரம் முழுவதும் என்மேல் சாய்ந்தது. பாசத்தில் சாய்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, முழங்காலுக்கு அந்த அரை நிமிட ஓய்வு தேவைப்பட்டிருக்கிறது.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். "அவளுக்கு ஒரு ஸ்ரூல் குடுத்தால் என்னடா?"

"ஒராளுக்குக் குடுத்தால் பன்னிரண்டு பேருக்கும் குடுக்கவேணும். இண்டைக்கு ஸ்ரூல் எண்டால் நாளைக்குக் கட்டில் கேப்பினம். இருந்தால் கை மெதுவாகும், அக்கா. உங்கட உப்பளத்தில நான் படிச்ச பாடம் அதுதான்."

"கால் ஏலாதெண்டு அவளை வேலையால விட்டுப்போடுவியோ?"

"விடமாட்டன். கலியாணம் முடியட்டும், பிறகு வேலை குறைவு. கூப்பிடுறன் எண்டு சொல்லுவன்."

கூப்பிடுறன் என்றால் கூப்பிடமாட்டேன் என்று அர்த்தம் என்பது எனக்குப் புரிய ஸ்ரௌவ்வில் வரை எடுத்தது.

செவ்வாய்க்கிழமை பிலோமினாவுக்கு வேலையில்லை. அவளிடம் போவதென்று புறப்பட்டேன். வீடு வெக்ஸ்போர்ட்டில். தையற்காரியிடம் போகும் வழியில் ஷரன் என்னைப் பெரிய தெருவொன்றில் பஸ் தரிப்பில் இறக்கி, "இதிலையே நில்லுங்கோ மாமி, ரோட்டைக் குறொஸ் பண்ணாதேங்கோ" என்று இரண்டுதரம் சொன்னாள். கார் மறைந்ததும் தெருவைப் பார்த்தேன். நான் போகவேண்டியது வலக்கைப் பக்கம். எங்கள் ஊரில் அந்தத் திசைக்கு எதிர்க்கரையில்தான் நிற்கவேண்டும். கலியாண நினைவில் பிள்ளைக்குத் தலை சுற்றுகிறது என்று எண்ணி, விளக்கு மாறியதும் கடந்துபோய், வந்த பஸ்ஸில் ஏறி, சன்னலோரத்தில் வசதியாக இருந்துகொண்டேன். இந்த நாட்டில் வாகனமெல்லாம் மற்றப் பக்கத்தில் ஓடுகிறது என்பது, பஸ் கடைசித் தரிப்பில் நின்று எல்லாரும் இறங்கியபிறகுதான் உறைத்தது.

ஓட்டுநர் பெரிய உடம்புக்காரி. ஜமேய்க்காவிலிருந்து வந்தவள் என்று பிறகு சொன்னாள். இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒரு டப்பாவைத் திறந்து சோறும் அவரைக்கொட்டையும் சாப்பிடத் தொடங்கினாள். கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் கதவடியில் நின்று தனக்குப் பிந்துகிறது, எப்போது எடுப்பாய் என்று சத்தம் போட்டார். அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"இது என்னுடைய ஓய்வு நேரம், ஐயா. இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறது. ஓய்வெடுத்த சாரதி ஓட்டினால் உமக்கும் நல்லதுதான்" என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டு வெளியே போனார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவளிடம் என் கதையைச் சொன்னேன். சிரித்தாள். "அங்கேயே இருங்கள், அம்மா. இதே பஸ் திரும்பி அங்கேதான் போகிறது" என்று சொல்லி, ஒரு வாழைப்பழமும் தந்தாள்.

எனக்கு அவளைக் கும்பிடவேண்டும்போல் இருந்தது. நகரத்தின் சம்பளம் வாங்குகிறவள். ஒருவருக்கும் கூனாமல், ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்காமல் தன் ஆறு நிமிடத்தை இருந்து சாப்பிட்டாள். ஆறாம் நிமிடம் முடிந்ததும் டப்பாவை மூடி, கையைத் துடைத்துப் பஸ்ஸை எடுத்தாள், ஒரு விநாடியும் பிந்தவில்லை. இவளைப்போய் என் தம்பி எந்த விருந்தில் வைத்துச் சிரிப்பான்?

பிலோமினாவின் வீடு ஐந்தாம் மாடியில். சூடைமீன் தீயலும் குத்தரிசிச் சோறும் வைத்திருந்தாள். அதே மாடியில் இருக்கும் ரஹீமா வட்டிலப்பம் கொண்டுவந்தாள். புத்தளத்தில் வளர்ந்தவள், நாற்பது வயதிருக்கும், இரும்பு மேசையில் பிலோமினாவுக்கு அடுத்ததாக நிற்பவள். சாப்பிட்டு முடிய பிலோமினா அலுமாரியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினாள்.

"டொக்ரர் தந்தவர். இடைக்கிடை இருந்து வேலை செய்யவேணும் எண்டு எழுதியிருக்கு. ரெண்டு மாசமாச்சு."

"சேவியரிட்டைக் குடுத்தனியோ?"

"குடுத்தால் அண்டையோட கதை முடிஞ்சுது, அக்கா. வாயால கேட்டதுக்கே முகம் மாறிப்போச்சு. இந்த வயசில என்னை வேறை ஆர் எடுப்பினம்?"

ரஹீமா குறுக்கே வந்தாள். "நாங்க எல்லாரும் பேசிப் பாத்தம் அக்கா. ஒராள் கேட்டா ஒராளைத்தான் அனுப்புவாங்க எண்டு பயம். என்ன செய்ய?"

அதைக் கேட்டதும் நானும் பிலோமினாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ரஹீமாவுக்கு அந்தப் பழைய கதையைச் சொல்லவேண்டியதாயிற்று.

உப்பளத்துக்குப் புதிதாக ஒரு அத்தியட்சகர் வந்தார். கொழும்பிலிருந்து பெரியவர் ஒருவர் பார்வையிட வருகிறார், பின்னேரம் நாலு மணிவரை ஒருவரும் இருக்கக்கூடாது, பாத்திக்குள் இறங்கி வாரவேண்டும் என்று கட்டளை. முதல் நாள் மத்தியானம் இறங்கினோம். சேறு கலங்கி உப்பு தேயிலைச் சாயத்துக்கு வந்தது. மறுநாள் பத்து மணிக்கு ஒருத்தி தன் பனையோலைக் கூடையை வரம்பில் கவிழ்த்து அதன்மேல் இருந்தாள். "உப்பைப் பழுதாக்கமாட்டன், ஐயா. வேணுமெண்டால் பேரை வெட்டுங்கோ" என்றாள். கோஷமில்லை, கொடியில்லை. ஒவ்வொருத்தியாகக் கூடையைக் கவிழ்த்து இருந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் உப்பளத்தில் அது வழக்கமாகவே ஆகிவிட்டது. அநியாயம் என்று பட்டால் ஒருத்தி கூடையைக் கவிழ்ப்பாள். மற்றவர்கள் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

முதலில் கவிழ்த்தவள் பிலோமினா. கடைசியாகக் கவிழ்த்தவள் நான். எனக்கு அந்த மாதம்தான் வரவு எழுதும் பொறுப்புத் தந்திருந்தார்கள். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டு நாள் நின்றேன். மூன்றாம் நாள்தான் எனக்கு வெட்கம் வந்தது. அன்று பின்னேரம் பெரியவர் வந்தார், வாகனத்தை விட்டு இறங்காமலே திரும்பிப் போனார். கட்டளையும் அவரோடு போயிற்று. ஒருவருடைய பெயரும் வெட்டுப்படவில்லை. வெட்டுவதற்குக் கொழும்பில் ஏழு கையெழுத்து வேண்டும். உப்பைக் கரையவிட்ட அதே கையெழுத்துகள்தான் எங்களைக் காப்பாற்றின. தம்பியின் தொழிற்சாலையில் பெயரை வெட்ட ஒரு பெருவிரலும் ஒரு கைத்தொலைபேசியும் போதும். இதை யோசித்துக்கொண்டே வட்டிலப்பத்தில் இரண்டாம் துண்டையும் சாப்பிட்டு முடித்தேன்.

வியாழக்கிழமை தம்பிக்கு ஆள் போதவில்லை. கடைகளின் ஓடரோடு கலியாண ரோல்ஸும் சேர்ந்துவிட்டது. "அக்கா, சும்மாதானே இருக்கிறியள். ஒரு கை குடுங்கோவன்" என்றான். மருமகளின் கலியாணப் பலகாரம், சந்தோஷமாகப் போனேன். வலைத்தொப்பியைப் போட்டுக்கொண்டு பிலோமினாவுக்கு எதிரே நின்றேன்.

பதினொரு மணிபோல அவளுடைய கால் மடங்கியது. விழவில்லை. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். அவளுக்கு முன்னால் சுற்றாத மா குவிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் உருளும் கதிரையில் இருந்த தம்பி விரலால் கண்ணாடியில் தட்டினான். டொக், டொக். பிலோமினா நிமிர்ந்து மறுபடி சுற்றத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர்.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. மூலைக்குப் போனேன். நீலக்கூடை ஒன்றை இழுத்து வந்து, மேசையடியில் கவிழ்த்து, அதன்மேல் இருந்தேன். மேசை நெஞ்சுக்கு வந்தது, பரவாயில்லை. இருந்தபடியே ரோல்ஸைச் சுற்றினேன்.

ரஹீமா என்னைப் பார்த்தாள். பிறகு போய் ஒரு கூடை எடுத்துவந்தாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி. பிறகு இரண்டு பேர். பிளாஸ்ரிக் கூடை சீமெந்து நிலத்தில் இழுபடும் சத்தம் மட்டும்தான் கேட்டது. பத்து நிமிடத்தில் பன்னிரண்டு பேர் இருந்து வேலை செய்துகொண்டிருந்தோம். நின்றவள் ஒருத்திதான். பிலோமினா.

"இரடி" என்றேன்.

"பயமாயிருக்கு, அக்கா."

"அண்டைக்கு எனக்கும் இப்பிடித்தான் இருந்தது. இரு."

இருந்தாள். தம்பி வெளியே வந்தான். முகம் சிவந்திருந்தது.

"அக்கா, எழும்புங்கோ. என்ன கூத்து இது?"

"வேலை செய்யிறன். தெரியேல்லையோ?"

"இது என்ர இடம். உங்கட கவண்மேந்து உப்பளம் இல்லை."

"ஓம், தெரியும். அங்கை இருந்தவையின்ர கையை ஒருத்தரும் பாக்கேல்லை. நீயாவது வந்து பார். கை எங்கையடா நிக்குது?"

அந்த நேரம் பார்த்து ஷரன் பூக்காரரின் கணக்கோ எதுவோ கேட்க உள்ளே வந்தாள். எல்லாரையும் பார்த்தாள், தட்டுகளைப் பார்த்தாள். "அப்பா, தே ஆர் ஸ்ரில் வேர்க்கிங். வாட்ஸ் த ப்ரொப்ளம்?" என்றாள். அவன் அறைக்குள் போய்க் கண்ணாடித் திரையை இழுத்துவிட்டான். அன்று பின்னேரம் ரோல்ஸ் குறையவில்லை. வென்றுவிட்டோம் என்று நினைத்தேன். எனக்குத் தனியார் முதலாளிமாரைப்பற்றி அனுபவம் போதாது.

கலியாணம் சனிக்கிழமை நல்லபடி நடந்தது. கோவிலில் தம்பி எனக்கு முன்வரிசையில் இடம் வைத்திருந்தான். ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. வந்தவர்கள் எல்லாம் ரோல்ஸ் நல்லாயிருக்கு என்றார்கள். பிலோமினா ஊதாச்சேலை உடுத்து, தடியை ஊன்றி வந்து, மணமக்களின் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதித்தாள். ஞாயிறு பின்னேரம் தம்பியிடமிருந்து அவளுடைய தொலைபேசிக்கு ஒரு வரி வந்தது. நாளைக்கு வரவேண்டாம், வேலை இருந்தால் கூப்பிடுறன்.

தொலைபேசியில் அதை எனக்கு வாசித்துக் காட்டியபோது அவளுடைய குரலில் அழுகையில்லை. "நீங்கள் இதுக்குள்ள வராதேங்கோ, அக்கா. தம்பியோட கோவம் வேண்டாம்" என்றாள். எனக்கு ஆற்றாமல் போயிற்று. நான் புதன்கிழமை விமானம் ஏறிவிடுவேன், என் பென்சனை ஒருவரும் தொடமுடியாது. நான் கவிழ்த்த கூடைக்கு இவள் வேலையை இழக்கிறாள். என்னுடைய விருந்தாளி வீரத்தின்மேல் எனக்கே அப்போது பெரிய அருவருப்பு வந்தது.

திங்கட்கிழமை காலை தம்பி புறப்படுமுன்னே போய்க் காரில் ஏறி இருந்துகொண்டேன். "எங்கை?" என்றான். "உன்னோடதான்" என்றேன். தெருவில் உப்பு லொறி ஒன்று எங்களுக்கு முன்னால் சிந்திக்கொண்டு போயிற்று. அவனிடம் என்ன சொல்வது, கெஞ்சுவதா கிழிப்பதா என்று எனக்குள்ளே கணக்குப் போட்டபடி இருந்தேன்.

ஒன்றும் சொல்லத் தேவை வரவில்லை. கதவைத் திறந்தபோது அடுப்புகள் எரியவில்லை. சிவப்பு மணிக்கூடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மேசையின் இரு பக்கமும் பதினொரு நீலக்கூடைகள் கவிழ்ந்திருந்தன. பதினொரு பெண்கள், வலைத்தொப்பியும் உறையும் போட்டபடி, கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். இந்தமுறை ஒரு கையும் அசையவில்லை. பிலோமினாவின் இடம் வெறுமையாக இருந்தது. அதிலும் ஒரு கூடை கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதன்மேல் வைத்தியரின் கடிதம்.

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். "நீங்கள் சொல்லிக் குடுத்தனீங்களோ?"

"சத்தியமாய் இல்லை."

ரஹீமா எழும்பாமலே சொன்னாள். "கடிதத்தை நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தன், முதலாளி. பிலோமினாக்கா வந்தா நாங்க வேலை தொடங்குவம். அவ்வளவுதான். சண்டை ஒண்டும் இல்லை."

அவன் தொண்டையைச் செருமினான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஒருத்தியை அனுப்புவது அவனுக்குத் தெரியும். பதினொரு பேரையும் ஒன்றாக எப்படி அனுப்புவது? பத்து மணிக்குக் கடைக்காரரின் வான் ஓடரை ஏற்ற வரும். அறைக்குள் போனான், வெளியே வந்தான், மறுபடி போனான். சுவர் மணிக்கூடு ஓடியது. நான் கதவடியில் நின்றேன். இருக்கவில்லை. அன்றைக்கு இருக்கும் உரிமை எனக்கில்லை.

கடைசியில் தொலைபேசியை எடுத்தான். "பிலோமினா அக்கா... சேவியர் கதைக்கிறன். வாறியளோ?... இப்பவே. பஸ்ஸில வேண்டாம், நான் வந்து ஏத்திறன்."

அவளைக் கூட்டிவர நானும் போனேன். முன்கதவுவரை தடியை ஊன்றி வந்தவள், உள்ளே பதினொரு பேரையும் கண்டதும் நின்றுவிட்டாள். அவர்கள் எழும்பினார்கள். ஒவ்வொருத்தியும் தன் கூடையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி இருந்தாள். அடுப்பைப் பற்றவைத்தார்கள். பிலோமினா போய்த் தன் கூடையிலிருந்த கடிதத்தை எடுத்தாள். தம்பியிடம் நேராக நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கினான். பிறகு அவள் இருந்தாள், தடியை மேசைக்காலில் சாய்த்துவைத்தாள், மாவை இழுத்தாள்.

புதன்கிழமை விமான நிலையத்துக்குப் போகும் வழியில்தான் தம்பி வாய் திறந்தான்.

"ஸ்ரூல் பன்னிரண்டு ஓடர் பண்ணியிருக்கு. உயரம் கூட்டிக் குறைக்கலாம்."

"நல்லது."

கொஞ்சத் தூரம் போனபின் கேட்டான். "உங்கட உப்பளத்தில அண்டைக்கு எத்தினை நாள் இருந்தனீங்கள்?"

"மூண்டு நாள்."

"இஞ்சை ஒண்டரை மணித்தியாலம்." அவனுடைய பழைய சிரிப்பு வந்தது. "பாத்தியளோ அக்கா? அதுதான் சொல்லுறனான், பிறைவேற் எண்டால் எல்லாம் கெதியில முடியும்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். பயணப்பையைத் திறந்து கைலேஞ்சி முடிச்சை எடுத்து, அவனுடைய காரின் முன்தட்டில் அந்த ரோட்டு உப்புக் கற்களைக் கொட்டினேன்.

"முடிச்சது நீயில்லையடா, அவையள்" என்றேன். "மறக்காமல் இருக்க இதை இதிலையே வைச்சிரு."